செங்கோட்டைக் குரலும் சுழலும் தட்டும்

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையில், இரண்டிற்கும் இடையே உள்ளது மேலகரம். திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் என்பதே அதன் பெரும்புகழ். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சிக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் நிலம் அளித்தார் என்பதும், அந்நிலம் ‘குறவஞ்சி மேடு’ எனப் பெயர் பெற்றது என்பதும் இப்பகுதி மக்கள் பெருமையுடன் சொல்லும் செய்திகள்.

குறவஞ்சி வாய்க்குள் படித்துவிட்டு மூடி வைப்பதற்காக எழுதப்பட்டதன்று. ஆடுவதற்கும் பாடுவதற்கும் எழுதப்பட்டது. பாட்டுகளின் தலைப்பில் இராகமும் தாளமும் குறிக்கப்பட்டுள்ளன. ஆனால் கவிராயர் தம் செவியில் கேட்ட இசை எது? ஓலை சொற்களைக் காத்தது. ஒலியைக் காக்கும் ஆற்றல் அதற்கில்லை. 1944ஆம் ஆண்டு ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திரத்தின் வழியாகக் குற்றாலக் குறவஞ்சியை மேடையேற்றியபோது, இசையைப் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. அழகாகவே அமைத்தார்கள். என்றாலும் அது மேலகரத்தில் ஒலித்த பாட்டு அன்று.

இங்கிருந்து மேற்கே சென்றால் செங்கோட்டை. வடகிழக்கே சென்றால் சாம்பவர்வடகரை. பழைய காலத்து மனிதர் அரைநாளில் நடந்து கடக்கும் தொலைவுதான். முன்னதில் பிறந்தவர் நாடக மேதை எஸ்.ஜி. கிட்டப்பா, பின்னதில் பிறந்தவர் இசைத்தமிழ் ஆராய்ச்சியாளர் ஆபிரகாம் பண்டிதர். இசையைக் கருவி வழியாக உள்ளது உள்ளபடி கேட்பது என்னும் பொருளைப் பற்றி நாம் எண்ணும்போதெல்லாம் இந்த இரண்டு பெயர்களும் நம் நினைவிற்கு வருகின்றன. பலர் இதனைப் பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு என்று கருதுவர். நாம் அப்படிக் கருதவில்லை. ஏன் என்பதை இக்கட்டுரையில் சொல்ல விழைகிறோம்.

கிட்டப்பா 1906இல் பிறந்தார். 1933 டிசம்பரில் மறைந்தபோது அவருக்கு வயது இருபத்தேழு. ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகைகளில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருந்தவரின் காதிலும் தெளிவாக விழுந்த உச்சக்குரல் அவருடையது. தமிழ்ப் பேசும்படம் 1931இல் பிறந்துவிட்டது. ஆயினும் அவர் திரையில் தோன்றவில்லை. அவர் துணைவியார் கே.பி. சுந்தராம்பாள் 1980 வரை வாழ்ந்தார். அவர் குரல் திரைப்படங்களிலும் பிற்காலப் பதிவுகளிலும் நிறைந்திருக்கிறது. கிட்டப்பாவுக்கு எஞ்சியவை ஒரு பக்கம் மூன்று நிமிடம் ஓடும் அரக்குத் தட்டுகள் மட்டுமே. செங்கோட்டைக்காரர் ஒருவர் தம் ஊரின் மாபெரும் பாடகரைக் கேட்க வேண்டுமானால், அந்தத் தட்டின் வரிப்பள்ளத்தைத் தவிர வேறு வாயில் இல்லை. அந்தப் பள்ளத்தில் உள்ளதை உள்ளபடி எடுத்துத் தருகிற பொறி எது என்னும் கேள்வி அப்போது ஆடம்பரக் கேள்வியாகத் தோன்றாது.

தட்டு இந்நாட்டிற்கு வந்த கதையில் நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. கிராமபோன் நிறுவனத்தின் பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் 1902ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தம் சகோதரருடன் வத்திக்கானில் தங்கி, சிஸ்டைன் சிற்றாலயப் பாடகர் அலெஸ்ஸாந்த்ரோ மொரெஸ்கியின் குரலைப் பதிவு செய்தார். அதே ஆண்டு நவம்பரில் அவர் கல்கத்தாவில் இருந்தார். கௌஹர் ஜான் அவருடைய புனலின் முன் பாடினார். திருத்தந்தையின் ஆலயத்துப் பாடகரையும் கல்கத்தாவின் அவைப்பாடகியையும் ஒரே ஆண்டில் ஒரே மனிதர் மெழுகில் பதித்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது. 1908இல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் ஆலை தொடங்கியது. தட்டுக்கு வேண்டிய அரக்கும் பெருமளவில் இந்தியக் காடுகளிலிருந்தே உலகெங்கும் சென்றது.

அக்காலப் பதிவில் மின்சாரத்திற்கு வேலை இல்லை. பாடுபவர் பெரிய புனலுக்குள் முகத்தை வைத்தாற்போல் நின்று பாட, காற்றின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு இழுத்தது. மனிதச் செவி நொடிக்கு இருபது முதல் இருபதாயிரம் அதிர்வுகள் வரை உணரவல்லது. புனலோ, ஏறத்தாழ இருநூறிலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு வரை மட்டுமே பிடித்தது. 1925இல் மைக்ரோபோன் வந்த பின்னரே இந்த எல்லை ஐயாயிரத்தைத் தாண்டியது. அம்முறை நம் நாட்டை வந்தடையச் சில ஆண்டுகள் ஆயின. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் பழைய தட்டுகளில் ஏன் காணாமற்போகிறது, தம்புரா ஏன் ஈயின் இரைச்சல் போலாகிறது என்பதற்குக் காரணம் இதுவே.

இதனினும் பெரிய இழப்பு வீடுகளில் நடந்தது. சாவி கொடுத்து இயக்கும் கிராமபோனின் ஒலிப்பெட்டி நூறு கிராமிற்கும் மேலான பாரத்தோடு எஃகு ஊசியைத் தட்டின்மீது அழுத்தும். தட்டின் அரக்கில் கல்மாவு கலந்திருக்கும். ஊசியின் முனையைப் பள்ளத்திற்கேற்ப அராவுவதற்கென்றே அப்படிச் செய்தார்கள். ஆகவே தட்டு ஊசியைத் தேய்க்கும். தேய்ந்த ஊசி தட்டைத் தேய்க்கும். ஒவ்வொரு பக்கத்திற்கும் புது ஊசி மாற்ற வேண்டும் என்பது விதி. ஊசிகள் சிறு தகர டப்பிகளில் விற்றன. ஆனால் காசு கொடுத்து வாங்கிய ஊசியை ஒரு பாட்டோடு எறிந்துவிட எந்த வீட்டில் மனம் வரும்? ஒரே ஊசி பத்துப் பாட்டு ஓடியது, இருபதும் ஓடியது. தட்டின் நுண்ணிய நெளிவுகள் முதலில் மழுங்கின. நுண்ணிய நெளிவுகள் என்பவை உச்சக்குரலின் கூர்மை. எந்தப் பாட்டை மக்கள் மிகவும் விரும்பினார்களோ அந்தப் பாட்டே மிகவும் சிதைந்தது. இன்று பழைய பொருட்கடைகளில் அகப்படும் தட்டுகளில், யாரும் கேட்க விரும்பாத தட்டு கண்ணாடிபோல் பளபளக்கும். கிட்டப்பா சாம்பல் பூத்திருப்பார்.

இனிச் சாம்பவர்வடகரைக்கு வருவோம். ஆபிரகாம் பண்டிதர் 1859இல் அங்கே பிறந்தவர். தஞ்சையில் மருத்துவராய்ப் புகழ்பெற்று, 1912 முதல் தம் செலவிலேயே இசை மாநாடுகள் கூட்டி, 1917இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலைத் தம் அச்சகத்திலேயே அச்சிட்டு வெளியிட்டவர். கிறிஸ்தவரான அவர் சிலப்பதிகாரத்தையும் பழைய உரைகளையும் துருவி, ஒரு தாயியில் சுருதிகள் இருபத்திரண்டு அல்ல, இருபத்துநான்கு என்று கணக்கிட்டு வாதிட்டார். 1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டிலும் இதனை நிறுவ முயன்றார். அவர் முடிவை எல்லாரும் ஏற்கவில்லை. அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை. நமக்கு வேண்டியது அவருடைய அளவுகோல்.

தாயியை இருபத்துநான்காகச் சமமாய்ப் பகுத்தால், ஒரு சுருதிக்கும் அடுத்த சுருதிக்கும் இடையேயுள்ள வேறுபாடு நூற்றுக்கு மூன்று பங்கு கூட இல்லை; 2.9 பங்கு. ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அடுத்திருக்கும் கறுப்புக் கட்டைக்கும் உள்ள இடைவெளி நூற்றுக்கு ஆறு பங்கு. இப்போது தட்டைச் சுழற்றும் பொறியை நினைத்துப் பாருங்கள். சுழற்சி நூற்றுக்கு மூன்று பங்கு விரைந்தால் பாட்டு முழுவதும் பண்டிதரின் கணக்கில் ஒரு சுருதி ஏறிவிடுகிறது. அது ஒரே சீராக ஏறினாலாவது பொறுக்கலாம். சுழற்சி ஒருமுறை விரைந்து ஒருமுறை தளர்ந்தால், பாடகர் அசைக்காத சுரத்தைப் பொறி அசைக்கிறது. அவர் அசைத்த கமகத்தோடு தன் தள்ளாட்டத்தையும் கலந்துவிடுகிறது. சுரத்தை நிலையாக நிறுத்திப் பாடும் இசைமரபுகளில் இது ஒரு குறை. அசைவிலேயே இராகத்தின் உயிரை வைத்திருக்கும் நம் இசையில் இது பொய்ச்சாட்சி.

பொய்ச்சாட்சி என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதினோம். ‘ஹை-ஃபை’ என்று நாம் இன்று சாதாரணமாகச் சொல்வது 1930களில் பரவிய ஆங்கிலத் தொடரின் சுருக்கம். ஃபிடெலிட்டி என்னும் சொல்லின் வேர், குருமடத்தில் இலத்தீன் படித்தவர்கள் நன்கறிந்த ‘ஃபீதேஸ்’ என்பதாகும். விசுவாசம், வாக்குத் தவறாமை, நம்பகம் என்றெல்லாம் அதற்குப் பொருள் விரியும். நல்ல பொறி இனிமையைச் சேர்ப்பதன்று. தன்னுடையதாக எதையும் சேர்க்காதது. கடைக்காரர்கள் இதனை ஒருபோதும் சொல்வதில்லை.

இந்தப் பண்பை இலக்காகக் கொண்டு உழைத்தவர்களின் வரலாறு படிக்கத்தக்கது. ஆலன் புளூம்லைன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1931இல் இரு செவிக்கும் தனித்தனியே ஒலி வழங்கும் ஸ்டீரியோ முறைக்கு உரிமம் கோரினார். 1942இல் ராடார் சோதனை விமானம் விழுந்து நாற்பது வயது நிறையுமுன் மாண்டார். ஸ்டீரியோ தட்டுகள் கடைக்கு வந்ததோ 1958 வாக்கில். வில்லியம்சன் என்பவர் 1947இல் தாம் வடிவமைத்த ஒலிமிகைப்பியின் முழு வரைபடத்தையும் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ள விட்டுவிட்டார். துணி வணிகத்திலிருந்து வந்த கில்பர்ட் பிரிக்ஸ் 1932இல் தம் வீட்டு நிலவறையில் ஒலிபெருக்கி செய்யத் தொடங்கியவர்; 1954இல் இலண்டன் ராயல் ஃபெஸ்டிவல் அரங்கில் கலைஞர்களை மேடையில் வாசிக்கச் செய்து, அதே இசையின் பதிவையும் தம் பெட்டிகள் வழியே ஒலிக்கவிட்டு, ஒப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று அவையோரிடம் விட்டார். 1957இல் பீட்டர் வாக்கர் காகிதக் கூம்பையே நீக்கி, மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை மின்விசையால் அசைத்து ஒலி எழுப்பும் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தம் கருவி எவ்வளவு பிழை செய்கிறது என்பதை அளந்து, அந்த எண்ணைத் தாமே அச்சிட்டு விற்றவர்கள் இவர்கள். ஹரால்ட் லீக் 1945இல் செய்த மிகைப்பிக்குப் பெயரே அதன் பிழையளவுதான்: ‘பாயின்ட் ஒன்’, அதாவது நூற்றுக்குப் புள்ளி ஒன்று. தன் பிழையைத் தன் பெயராகச் சூடிக்கொண்ட வேறு சரக்கு உலகில் உண்டா என்று நாம் வியந்ததுண்டு.

1948 ஜூன் மாதம் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் நெடுந்தட்டை, அதாவது எல்.பி.யை, அறிமுகப்படுத்தியது. அரக்கு போய் வினைல் வந்தது. நிமிடத்திற்கு 78 சுற்று போய் முப்பத்து மூன்றே கால் சுற்றும் சொச்சமும் வந்தது. ஒரு பக்கத்தின் வரிப்பள்ளத்தை நீட்டினால் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர்! அதன்மேல் செல்லும் நல்ல ஊசியின் பாரம் இரண்டு கிராம் அளவே. நூறு கிராம் எங்கே, இரண்டு கிராம் எங்கே? மூன்று நிமிடத்திற்குள் ஆலாபனையைக் கத்தரித்த வித்துவான்கள் இருபது நிமிடம் மூச்சுவிட்டுப் பாடலாயினர். எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963இல் எல்.பி.யாக வெளிவந்ததும், தென்னாட்டு இல்லங்களின் விடியற்காலையே மாறியதும் யாவரும் அறிந்தவை.

யாவரும் என்றா சொன்னோம்? நம் தலைமுறையில் மேலகரம் போன்ற ஊர்களில் எல்.பி. தட்டு வாங்கியவர் எத்தனை பேர்? பெரும்பாலோர்க்கு வாய்த்தது வானொலியே. 1963இல் திருநெல்வேலி நிலையம் வந்தது. இலங்கை வானொலி கடல் கடந்து வந்தது. குற்றாலச் சாரல் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் இடி மின்னலின் கரகரப்போடு பாட்டைக் கேட்டுப் பழகிய செவிகள் நம்முடையவை. தட்டுச் சுழலி இருந்த ஓரிரு வீடுகளிலும் வேறொரு தொல்லை இருந்தது. மாலையில் ஊரெல்லாம் விளக்கு எரியத் தொடங்கியதும் மின்னழுத்தம் இறங்கும். மலிவான மோட்டார் தளரும். பாடகரும் அரைக் கட்டை இறங்குவார். இரவு ஒன்பது மணிக்குமேல் அவர் தாமாகவே ஏறிவிடுவார். ஒரே தட்டு, ஒரே பாட்டு. மாலையில் ஒரு சுருதி, இரவில் ஒரு சுருதி. இதனைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வளர்ந்தோம். ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்த தட்டை மெல்லிய துணியால் வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே துடைக்கலாகாது என்பதையும் அந்நாளிலேயே கற்றோம்.

வளைகுடா நாடுகளுக்குச் சென்ற கடையநல்லூர், தென்காசிப் பகுதியினர் 1970களிலும் 1980களிலும் கொண்டுவந்த ஒலிநாடாப் பெட்டிகள் இசையை ஏழை வீட்டுத் திண்ணைக்கும் கொண்டுவந்தன. அதனை நாம் எளிதாக எண்ணவில்லை. சபாவில் சீட்டு வாங்க இயலாதவரும், கோயில் மண்டபத்தின் உள்ளே அமர ஒருகாலத்தில் இடம் மறுக்கப்பட்டவரும் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடியைத் தம் வீட்டில் கேட்டது பொறியினால் விளைந்த நன்மை. பெட்டி யாருடைய சாதியையும் கேட்பதில்லை. ஆனால் நாகசுரத்தின் அந்தக் கம்பீரம் மலிவான பெட்டியில் கிழிந்து ஒலிக்கும்போது, ‘நாகசுரம் என்றாலே காதைக் குடையும்’ என்று ஒரு தலைமுறை எண்ணிவிட்டது. பிழை பெட்டியுடையது, பழி நாகசுரத்தின் மேல் விழுந்தது.

1982இல் குறுந்தட்டு வந்தபோது வரிப்பள்ளத்தைத் தொடாமலே படிக்கும் ஒளிக்கதிர் வந்தது. நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எண்ணாக்கும் முறை அது. எத்தனை முறை கேட்டாலும் தேய்வில்லை. பின்னர்க் கணினியும் கைப்பேசியும் வந்தன. விந்தை என்னவெனில், அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு வினைல் தட்டுகள் குறுந்தட்டுகளைவிட அதிக எண்ணிக்கையில் விற்றன. 1987க்குப் பின் அப்படி நிகழ்ந்தது அதுவே முதன்முறை. பழமை மோகம் என்று ஒதுக்கலாம். இருபத்திரண்டு நிமிடம் ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் முழுவதும் கேட்க வேண்டியிருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

விலைக்கும் உண்மைக்கும் நேர்த்தொடர்பு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பொன்முலாம் பூசிய கம்பிக்குப் பல்லாயிரம் ரூபாய் கொடுப்பவர்கள் உள்ளனர். அவர்களுக்காக நாம் இரங்குகிறோம். நல்ல பெட்டியா என்று அறிய நாம் கைக்கொள்ளும் சோதனை எளியது. தம்புராவை மட்டும் ஒலிக்கவிட்டு இரண்டு நிமிடம் கேட்பது. மீட்டிய தந்தியின் மேல் சிறிது நேரம் கழித்துத் தானாக எழும் காந்தாரம் கேட்டால் பெட்டி உண்மை பேசுகிறது. அது கேட்கவில்லையானால், எத்தனை விளக்கு மின்னினாலும் பயனில்லை. நம் பங்குத்தளங்களில் திருவிழாக் காலத்தில் கட்டப்படும் கூம்பு ஒலிபெருக்கிகளைப் பற்றி நீளமாக எழுத நம் கை துடிக்கிறது, அடக்கிக்கொள்கிறோம். உயர்ந்த கூரையும் கல்சுவரும் உடைய ஆலயத்தில் ஒலியைக் கூட்டக் கூட்ட எதிரொலியும் கூடி, வாசகம் மேலும் புரியாமற்போகும் என்பதை மட்டும் பங்குப்பேரவையினர் கருத்திற்கொள்வார்களாக.

ஐம்பதைக் கடந்த நம் செவி, இளமையில் கேட்ட உச்ச அதிர்வுகளை இன்று கேட்பதில்லை. பொறி துல்லியம் பெற்றுவந்த அதே ஆண்டுகளில் காது தேய்ந்துவந்திருக்கிறது. இதில் வருத்தம் இல்லை. கிட்டப்பாவின் தட்டில் உள்ளவை பெரும்பாலும் ஐயாயிரம் அதிர்வுக்கு உள்ளேயே அடங்கிவிடுகின்றன. அவரைக் கேட்பதற்கு இந்தக் காது போதும்.

ஆனால் எத்தனை சுற்று வேகத்தில் கேட்பது? எழுபத்தெட்டு என்பது பெயரளவே. முற்காலத் தட்டுகள் எழுபதுக்கும் எண்பத்தைந்துக்கும் இடையே பல வேகங்களில் பதிக்கப்பட்டவை. உறையில் வேகம் எழுதும் வழக்கம் எல்லார்க்கும் இல்லை. எழுபத்தெட்டில் ஓட்டும்போது ஒருவர் ஐந்து கட்டையில் பாடுவதாகக் கேட்டால், எண்பத்திரண்டரையில் அவரே ஐந்தரைக் கட்டை. எழுபத்து மூன்றரையில் நாலரைக் கட்டை. கணினியில் இன்று உலவும் பழைய பாட்டுகளின் படிகள் பலவற்றில், ஒரே தட்டு இருவேறு சுருதிகளில் கிடைக்கிறது. கேட்பவர் யாரைக் கேட்கிறார்?

இதற்கு ஒரு வழி உண்டு. நாடகப் பாட்டுத் தட்டுகளில் பெரும்பாலும் ஆர்மோனியம் உடன் ஒலிக்கும். பாடகரின் குரல் எங்கும் நிற்கலாம். ஆர்மோனியத்தின் நாக்கு ஏதேனும் ஒரு கட்டையில்தான் நிற்க முடியும். ஆகவே வேகத்தைச் சிறுகச் சிறுக மாற்றி, ஆர்மோனியம் ஒரு கட்டையில் சரியாக வந்து பொருந்தும் இடத்தில் நிறுத்த வேண்டும். அவ்வாறு செய்தால் பல வேகங்கள் கழிந்து, அரைக்கட்டை வேறுபாட்டில் மூன்று நான்கு வேகங்கள் எஞ்சும். அவற்றுள் எது என்று முடிவு செய்ய, கிட்டப்பாவை நேரில் கேட்ட ஒருவர் வேண்டும். செங்கோட்டையில் அப்படி ஒருவரும் இன்று இல்லை.